பாலாற்று நிலக்காட்சி ஓவியக் கண்காட்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் வழியே செல்லும் பாலாற்றையும், அதன் துணையாறுகளையும், அவற்றின் கரைகளில் நடக்கும் வாழ்வையும் பொருளாகக் கொண்டு, ஆற்றின் கொண்டாட்டமாக, நடுவர் குழுவின் தேர்வுடன் இந்தக் கண்காட்சி நடத்தப்படுகிறது. படைப்பு அனுப்ப விரும்புவோரும், அனுப்பலாமா என்று தயங்குவோரும், பார்க்க வருவோரும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறோம். சில விடைகள் நீண்டிருக்கும். அவை படைப்பின் தரத்தோடு நேரடியாகத் தொடர்புடையவை என்பதால் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறோம்.

நடுவர் தேர்வுக் கண்காட்சி என்றால் என்ன? அனுப்புகிற எல்லாப் படைப்புகளும் வைக்கப்படுமா?

வைக்கப்பட மாட்டா. வந்து சேரும் படைப்புகளை மூவர் கொண்ட நடுவர் குழு பார்த்துத் தேர்ந்தெடுக்கும். குழுவில் தொழில்முறை ஓவியர் ஒருவர், ஓவியம் கற்பித்த அனுபவமுள்ள ஒருவர், இந்த ஆற்றையும் அதன் பாசனத்தையும் நன்கறிந்த ஒருவர் என மூவர் இருப்பார்கள். மூன்றாமவர் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். ஓர் ஓவியம் அழகாக இருக்கிறதா என்பதை முதல் இருவர் சொல்லிவிடுவார்கள். அது பாலாறுதானா, அல்லது எந்த ஊருக்கும் பொருந்தும் ஏதோ ஓர் ஆறா என்பதைச் சொல்ல ஆற்றோடு பழகிய கண் வேண்டும்.

தேர்வு இரண்டு சுற்றுகளாக நடக்கும். முதல் சுற்றில் நீங்கள் அனுப்பும் ஒளிப்படத்தை மட்டும் பார்ப்பார்கள். அதில் தேர்வானவர்கள் மூலப்படைப்பை நேரில் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். படத்தில் கண்டதும் நேரில் வந்ததும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்த பிறகே இறுதி முடிவு எடுக்கப்படும். இரு சுற்றுகளிலும் படைப்பாளியின் பெயர், ஊர், வயது, படிப்பு எதுவும் நடுவர்களுக்குத் தெரியாது. எண் மட்டுமே தெரியும்.

ஆண்டில் பெரும்பகுதி பாலாற்றில் தண்ணீரே இருப்பதில்லை. எதை வரைவது?

மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இதுவே அதிகமாக வருகிறது, இதற்கான விடைதான் இந்தக் கண்காட்சியின் அடிப்படையும்கூட.

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரத்தில் சிறிது தூரம் கடந்து, வாணியம்பாடிக்கு மேற்கே புல்லூரில் தமிழ்நாட்டுக்குள் நுழையும் பாலாற்றின் மொத்த நீளம் 348 கிலோமீட்டர். அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்யும் ஆண்டுகளில், ஐப்பசி கார்த்திகை வாக்கில் வெள்ளம் வரும். ஊரே பாலத்துக்கு வந்து நின்று வேடிக்கை பார்க்கும். மற்ற மாதங்களில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மணல்தான் தெரியும். ஆனால் அந்த மணல் வெறும் மணல் அன்று. ஆற்று மணல் தன்னுள் நீரைப் பிடித்து வைத்திருந்ததால்தான், மேலே ஓட்டம் நின்ற மாதங்களிலும் ஊற்றுக்கால்வாய் வெட்டி நெல் விளைவித்தார்கள். கரையோர ஊர்கள் ஆற்றுப்படுகைக் கிணறுகளிலிருந்து குடிநீர் எடுத்தன, இன்றும் எடுக்கின்றன. மணலை வரைந்தால் ஆற்றை வரையவில்லை என்று யாரும் எண்ண வேண்டாம். பாலாற்றுக்கு மணலும் நீரும் ஒரே உடம்பு.

தண்ணீர் வடிந்து சில நாள் ஆன படுகையில், விடிந்த கையோடு இறங்கிக் குனிந்து பாருங்கள். மணலில் அலைபோன்ற வரிகள் இருக்கும். வரியின் மேல்முனை உலர்ந்து வெளுத்திருக்கும். பள்ளத்தில் ஈரம் தங்கிக் கருத்திருக்கும். அந்தக் கருமைக்கு நடுவே காக்காப்பொன் (மைக்கா) துகள்கள் சேர்ந்து மெல்லிய கோடாக மின்னும். சூரியன் ஒரு பனை உயரம் ஏறுவதற்குள் ஈரம் இறங்கிவிடும். வரிகள் எல்லாம் ஒரே நிறமாகிவிடும். அந்தச் சிறு நேரத்தைப் பிடித்த ஓவியம் ஒன்று, கரை புரளும் நீலத் தண்ணீரைக் கற்பனையாகக் காட்டும் ஓவியத்தைவிடப் பல மடங்கு உயர்ந்தது என்பது எங்கள் உறுதியான கருத்து.

படுகையில் நிற்கும் குடிநீர்க் கிணறுகளையும் பாருங்கள். முன்பு மணல்மட்டத்தோடு இருந்த உறைகள், மணல் அள்ளப்பட்டுப் படுகை தாழ்ந்த இடங்களில், இன்று ஆள் உயரத்துக்கும் மேலே தூண்போல் நிற்கின்றன. பழைய மணல்மட்டம் எங்கிருந்தது என்பதை உறையின் மேலுள்ள கறையே காட்டிவிடும். பாலத்தூண்களின் அடித்தளம் வெளியே தெரிவதும், சீமைக்கருவேலம் படர்ந்து நடு ஆற்றில் காடாகிக் கிடப்பதும், அதன் ஓரமாக நாணலும் எருக்கும் பூத்து நிற்பதும் இன்றைய பாலாற்றின் முகங்கள்தாம். அவற்றை உள்ளபடி பார்த்து, உள்ளன்போடு வரைந்து அனுப்புங்கள் என்றே கேட்டுக்கொள்கிறோம்.

எந்தெந்த இடங்கள் "பாலாற்று நிலக்காட்சி"க்குள் அடங்கும்? துணையாறுகளையும் ஏரிகளையும் வரையலாமா?

தாராளமாக வரையலாம். இன்றைய வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களும் 2019 வரை ஒரே மாவட்டமாக இருந்தவை. இந்த மூன்றிலும் பாலாற்று நீரோடு தொடர்புள்ள எந்த இடமும் ஏற்கப்படும். எதை எடுப்பது என்று தெரியாமல் தவிப்பவர்களுக்காக, ஆற்றின் போக்கிலேயே சில இடங்களைச் சொல்கிறோம்.

மேற்கே புல்லூர் எல்லையில் தொடங்கி வாணியம்பாடி, ஆம்பூர் வரை ஆற்றின் தெற்கே ஏலகிரியும் ஜவ்வாது மலைத்தொடரும் பின்புலமாக நிற்கும். ஆம்பூர்ப் பக்கத்தில் மலையம்பட்டு ஆர்மாமலைக் குகையில் 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சமண ஓவியங்களின் எச்சம் இருக்கிறது. இந்த மண்ணில் வண்ணம் குழைத்த கைகளுக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட மரபு உண்டு என்பதற்கு அதுவே சான்று. வரையப் போகிறவர்கள் ஒருமுறை அங்கே சென்று வருவது நல்லது. குகையைத் தொடாமல், சாய்ந்து நிற்காமல், பார்த்துவிட்டு வர வேண்டும்.

அதற்குக் கீழே குடியாத்தத்தின் நடுவே வரும் கவுண்டின்யா ஆறு பாலாற்றில் சேர்கிறது. வைகாசி முதல் நாள் அந்த ஆற்றங்கரையில் நடக்கும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில், அம்மனின் சிரசு (தலை) ஊர்வலமாக வருவதைக் காணச் சுற்றுவட்டாரமே திரளும். காய்ந்த ஆற்றில் மனித வெள்ளம் ஓடும் அந்தக் காட்சி வரைவதற்கு மிகக் கடினமானது. கூட்டத்தைத் தனித்தனி முகங்களாக எண்ணாமல் நிறத்தொகுதிகளாகப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கே கைகூடும்.

பள்ளிகொண்டாவில் பள்ளிகொண்ட பெருமாள் கோயிலும், விரிஞ்சிபுரத்தில் மார்க்கபந்தீசுவரர் கோயிலும் பாலாற்றை அண்டி இருக்கின்றன. "விரிஞ்சிபுரம் மதிலழகு" என்பது இந்தப் பக்கத்தில் அனைவரும் அறிந்த வழக்கு. கோபுரத்தை வரைவோர் மிகுதி. மதிலையும் மணலையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்தவர்கள் குறைவு. வேலூருக்கு வந்தால் காட்பாடியோடு நகரை இணைக்கும் பாலங்கள், விழுப்புரம் மார்க்கத்து இரயில்பாதை ஆற்றைக் கடக்கும் இடம், வடக்கே பாறைக் குன்றுகள், தெற்கே கோட்டைக்குப் பின்னால் எழும் மலைகள் எல்லாம் கிடைக்கும்.

வடக்கே ஆந்திரத்திலிருந்து இறங்கும் பொன்னை ஆறு, மேல்பாடிச் சோழர் கோயில்களையும் திருவலத்தையும் தொட்டு வந்து, வாலாஜாப்பேட்டை அருகேயுள்ள பாலாற்று அணைக்கட்டுக்கு மேலே பாலாற்றில் கலக்கிறது. திருவலத்தின் பழைய இரும்புப் பாலத்தின் நிழல் மாலையில் மணல்மேல் விழும் விதத்துக்காகவே ஒரு நாளை ஒதுக்கலாம்.

ஆர்க்காட்டில் ஆற்றங்கரையில் பழைய கோட்டையின் வாயிலான டெல்லி கேட் நிற்கிறது. அதையடுத்து, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வாலாஜாப்பேட்டை அருகே கட்டப்பட்ட பாலாற்று அணைக்கட்டிலிருந்து காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி, சக்கரமல்லூர், தூசி என்று கால்வாய்கள் பிரிகின்றன. ஆற்றைக் காட்ட ஆற்றில்தான் நிற்க வேண்டும் என்பதில்லை. காவேரிப்பாக்கம் ஏரி நிறைந்து, மிகைநீர் கலங்கல் வழியே வெளியேறும் நாளில் அங்கே நிற்பவர் பார்ப்பதும் பாலாற்றைத்தான். மகேந்திரவாடியில் ஏரியும், ஒற்றைப் பாறையைக் குடைந்து அமைத்த பல்லவர் குடைவரையும் அருகருகே உள்ளன. அந்த ஏரியையும் குடைவரையையும் உண்டாக்கிய முதலாம் மகேந்திரவர்மனுக்குச் 'ஓவியர்களில் புலி' என்று பொருள்படும் சித்திரகாரப்புலி என்ற பட்டப்பெயரும் இருந்தது. நீரையும் ஓவியத்தையும் ஒருசேரப் போற்றிய ஓர் அரசன் நம் பக்கத்தில் விட்டுச் சென்ற இடம் அது; அங்கிருந்து படைப்புகள் வந்தால் மிகவும் மகிழ்வோம்.

யார் யார் அனுப்பலாம்?

பதினெட்டு வயது நிறைந்த எவரும் அனுப்பலாம். கவின்கலைக் கல்லூரியில் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. விளம்பரப் பலகை எழுதியவர்கள், கோயில் சுதை வேலைக்கு வண்ணம் தீட்டுபவர்கள், பள்ளி ஓவிய ஆசிரியர்கள், இல்லத்தரசிகள் என எவரும் சம உரிமையுடன் பங்கேற்கலாம். வெளி மாவட்டத்தாரும் வெளி மாநிலத்தாரும் அனுப்பலாம். ஆனால் படைப்பின் பொருள் மேலே சொன்ன மூன்று மாவட்டங்களுக்குள் இருக்க வேண்டும். பள்ளி மாணவர்களின் படைப்புகள் தனி அறையில், போட்டியோ தரவரிசையோ இல்லாமல், வந்தவை அனைத்தும் வைக்கப்படும். குழந்தைகளுக்கு நடுவர் தேவையில்லை என்பது எங்கள் முடிவு.

தோல் தொழிற்சாலைக் கழிவையும் மணல் கொள்ளையையும் வரையலாமா? கண்காட்சி "கொண்டாட்டம்" என்கிறீர்களே?

வரையலாம். நோயுற்ற தாயைப் படம் எடுக்கக் கூடாது என்று எவரும் சொல்வதில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைப் பகுதிகளின் தோல் பதனிடும் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. அதே தொழிலின் கழிவுநீர் ஆற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. நம் ஆற்றின் துயரம் நாடு முழுமைக்கும் சட்டமானது என்பதை ஓவியர்கள் மறக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு வேண்டுகோள் உண்டு. மண்டையோடு, கண்ணீர் விடும் ஆற்றுத்தாய், வெடித்த நிலத்தில் ஒற்றைச் செடி என்று ஆயத்தமாகக் கிடைக்கும் அடையாளங்களை எடுத்து ஒட்டாதீர்கள். குரோமியத்தில் பதனிட்டு உலரக் கிடக்கும் தோலின் வெளிர்நீலம், வாய்க்காலோரத்தில் உப்பு பூத்த மண்ணின் வெண்மை, அந்த மண்ணில் ஓலை பழுத்து நிற்கும் தென்னை ஆகியவற்றை நேரில் பார்த்து வரைந்தால், முழக்கம் எழுதாமலே பார்ப்பவருக்கு உறைக்கும். தொழிலாளர்களை வரைபவர்கள் அவர்களின் ஒப்புதலைப் பெற்று வரைய வேண்டும். அடையாளம் தெரியும் முகங்களுக்கு இது கட்டாயம்.

வெள்ளத்தை நான் நேரில் பார்க்கவில்லை. வரையலாமா?

1903 நவம்பரில் வாணியம்பாடியைச் சூறையாடிய வெள்ளத்தை இன்று எவரும் நினைவிலிருந்து வரைய முடியாது. கேட்ட செய்தியிலிருந்துதான் வரைய முடியும். 2021 நவம்பர் வெள்ளத்தையோ பலர் கண்ணால் கண்டார்கள். இரண்டையும் ஏற்போம். நினைவிலிருந்தோ, பெரியவர்கள் சொன்னதிலிருந்தோ வரைந்தால், படைப்புக் குறிப்பில் அதைச் சொல்லிவிடுங்கள். வெள்ளம் நீலமாக வராது என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். செம்மண் கரைந்த கலங்கலாக, நுரையும் சருகும் வேரோடு பிடுங்கிய புதர்களுமாகத்தான் அது வரும்.

எந்த ஊடகங்கள் ஏற்கப்படும்?

நீர்வண்ணம், அக்ரிலிக், தைலவண்ணம், மை, கரிக்கோல், பேஸ்டல், அச்சுக்கலை, சுடுமண், மரம், கல், துணி எல்லாம் ஏற்கப்படும். காட்பாடியை அடுத்த கரிகிரியின் மண்பாண்டக் கலை இந்தப் பக்கத்துக்கே உரியது. அந்த மண்ணில் ஆற்றை வார்த்துத் தரும் கைகளை ஆவலோடு எதிர்பார்க்கிறோம். ஆம்பூர்த் தோலில் வேலைப்பாடு செய்து அனுப்பினாலும் தடையில்லை. ஒளிப்படங்கள் இந்தக் கண்காட்சியில் இடம்பெறா. கணினியில் கையால் வரைந்தவை ஏற்கப்படும். செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படங்கள் ஏற்கப்பட மாட்டா.

சுவர்ப்படைப்புகள் சட்டத்தோடு சேர்த்து நான்கடிக்கு நான்கடிக்கு மிகாமல் இருக்க வேண்டும். சிற்பங்களை இருவர் தூக்கி வைக்கக்கூடிய எடைக்குள் செய்யுங்கள். ஒருவர் மூன்று படைப்புகள் வரை அனுப்பலாம்.

ஒளிப்படத்தைப் பார்த்து வரையலாமா?

நீங்களே எடுத்த ஒளிப்படம் என்றால் வரையலாம். பிறர் எடுத்த படத்தை அவரது எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் பார்த்து வரைவது, இணையத்தில் கிடைத்தாலும் நாளிதழில் வந்திருந்தாலும், காப்புரிமைக்கு எதிரானது.

இருந்தாலும் நேரில் சென்று வரைவதையே வலியுறுத்துகிறோம். உச்சிவெயிலில் கைப்பேசி எடுக்கும் படத்தில் மணல் வெள்ளைத் தாள்போல் வெளுத்து, நிழல் கரிபோல் இருண்டுவிடும். கண்ணுக்கு அந்த நிழலுக்குள் ஊதாவும் பழுப்பும் பச்சையும் தெரியும். மேலும், வேலூர்ப் பகுதியில் ஆறு ஏறத்தாழ மேற்கிலிருந்து கிழக்கே செல்கிறது. அதனால் பாலத்தின்மேல் நிற்பவருக்குக் காலைச் சூரியன் ஆறு போகும் திசையிலும், மாலைச் சூரியன் ஆறு வரும் திசையிலும் இருக்கும். காலையில் கிழக்கே பார்த்தால் படுகையின் ஈரமெல்லாம் எதிரொளியில் வெள்ளியாகும்; அப்படியே திரும்பி மேற்கே பார்த்தால், அதே வேளையில், அதே மணல் இளஞ்செம்மையாகத் தெரியும். இதை எந்த ஒளிப்படமும் கற்றுத் தராது.

ஆற்றுக்குள் இறங்கி வரைவது பாதுகாப்பானதா?

கவனம் வேண்டும். மணல் அள்ளிய பள்ளங்களில் மழைக்குப் பிறகு நீர் தேங்கும். மேலே பார்த்தால் முழங்கால் ஆழம்போல் தெரிந்தாலும் ஆளை மூழ்கடிக்கும் ஆழம் இருக்கலாம். பருவமழைக் காலத்தில் இங்கே மழை இல்லாவிட்டாலும் மேலே பெய்த மழைக்கு ஆற்றில் திடீரென வெள்ளம் வரும். நிர்வாகம் எச்சரிக்கை விடுத்திருக்கும் நாட்களில் எவரும் படுகைக்குள் இறங்க வேண்டாம். அன்று கரையிலிருந்து வரைந்ததே போதும். இரயில் பாலத்தின்மேல் ஏறக் கூடாது. சாலைப் பாலத்தில் நடைபாதையை அடைத்து ஓவியத் தாங்கியை நிறுத்தக் கூடாது. சித்திரை வைகாசியில் காலை ஒன்பது மணிக்குள் வேலையை முடித்துக்கொள்வது நல்லது. அந்த வெயிலில் அக்ரிலிக் தட்டிலேயே காய்ந்துவிடும், நீர்வண்ணப் பூச்சு பரவுவதற்குமுன் விளிம்பு கட்டிவிடும். தனியாகச் செல்லாமல் இருவராகச் செல்லுங்கள்.

நடுவர்கள் எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்?

மதிப்பெண் பட்டியல் எதுவும் இல்லை. ஒவ்வொரு படைப்பின் முன்னும் நின்று மூவரும் பேசி முடிவெடுப்பார்கள். ஆனாலும் அவர்கள் எதைத் தேடுவார்கள் என்பதைச் சொல்ல முடியும்.

நம் இலக்கண மரபு ஒரு நிலத்தைப் பாட முதல், கரு, உரி என மூன்றைக் கேட்டது. இடமும் பொழுதும் முதற்பொருள்; அங்குள்ள மரமும் பறவையும் மக்களும் அவர்தம் தொழிலும் கருப்பொருள்; அவற்றினூடே ஓடும் உணர்வு உரிப்பொருள். நிலக்காட்சி ஓவியத்தை மதிப்பிட இதைவிடத் தெளிவான அளவுகோல் எங்களுக்குத் தெரியவில்லை. ஓவியத்தைப் பார்த்ததும் இது எந்தக் கரை, எந்த மாதம், எந்த நேரம் என்று ஓரளவேனும் உணர முடிய வேண்டும். அதில் இருக்கும் மரம் அந்த இடத்தில் வளரும் மரமாக இருக்க வேண்டும். இத்தனையும் சரியாக அமைந்து, உணர்வு இல்லாமல் போனால் அது தகவல் படமாக நின்றுவிடும்.

உருவங்களைச் சிதைத்தும் அருவமாகவும் வரைபவர்கள் இதைக் கண்டு தயங்க வேண்டாம். பழைய வட ஆர்க்காட்டின் திருவண்ணாமலையில் பிறந்த ஓவியர் ஏ. பி. சந்தானராஜ் போன்றவர்கள், கண்ட பொருளை அப்படியே எழுதாமலே அந்த மண்ணின் தன்மையைக் கோட்டில் கொண்டுவர முடியும் என்று காட்டியிருக்கிறார்கள். வறண்ட படுகையின் நிறங்களை மூன்று பட்டைகளாக மட்டும் எழுதிய ஓர் அருவ ஓவியம், அந்த மூன்று நிறங்களும் ஆற்றிலிருந்து எடுத்தவையாக இருந்தால், எளிதாக உள்ளே வரும்.

பெரும்பாலும் தேர்வாகாமல் போவது எது என்பதையும் சொல்லிவிடுகிறோம். தென்னை இரண்டு, குடிசை ஒன்று, நீலத் தண்ணீர், அதில் பாய்மரப் படகு, பின்னால் முக்கோண மலை. இந்த அமைப்பை எல்லோரும் பள்ளியில் கற்றோம். பாலாற்றில் பாய்மரம் ஓடுவதில்லை. வேலூர் மலைகள் முக்கோணமாகவும் இல்லை. அவை பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தங்கி நிற்கும் குன்றுகள், உச்சியில் சில இடங்களில் கோட்டைச் சுவர் ஓடும்.

தேர்வாகாவிட்டால் காரணம் சொல்வீர்களா?

சொல்வோம். கேட்பவர்களுக்கு நடுவர் குழுவின் கருத்து இரண்டு மூன்று வரிகளில் எழுத்து மூலம் அனுப்பப்படும். முடிவு மாற்றப்பட மாட்டாது.

படைப்பை எப்படிப் படமெடுத்து அனுப்புவது?

நல்ல ஓவியங்கள் முதல் சுற்றிலேயே தவறிப்போவதற்கு மோசமான ஒளிப்படமே முதற்காரணம் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறோம். கண்ணாடி போடுவதற்குமுன் படமெடுங்கள். வெயில் நேரடியாகப் படாத வாசல் திண்ணையிலோ மொட்டைமாடி நிழலிலோ சுவரில் சாய்க்காமல் நேராக மாட்டி, கைப்பேசியை ஓவியத்தின் நடுமட்டத்துக்குக் கொண்டுவந்து, ஓவியம் முழுவதும் தெரியும் அளவுக்குப் பின்னால் தள்ளி நின்று எடுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம். அருகில் பச்சை, நீலம் போன்ற வண்ணச் சுவர் இருந்தால் அந்தச் சாயல் ஓவியத்தில் ஏறிவிடும். வெள்ளைச் சுவரின் அருகே எடுப்பது நல்லது. எடுத்த பிறகு அழகூட்டும் வடிகட்டி எதையும் போடாதீர்கள். ஓவியத்தின் நான்கு ஓரங்களும் தெரியும்படி வெட்டி, உயரத்தை முதலிலும் அகலத்தை அடுத்தும் குறிப்பிட்டு, ஊடகத்தின் பெயரோடு அனுப்புங்கள். சுடுமண், மரம், கல் வேலைகளுக்கு மூன்று கோணங்களில் படம் வேண்டும்.

எந்தத் தாள், எந்த வண்ணம் பயன்படுத்துவது?

இதில் கட்டாயம் இல்லை. அக்கறையால் ஒன்றிரண்டு சொல்கிறோம். நீர்வண்ணத்துக்கு 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள, அமிலமற்ற தாளை எடுங்கள். மெல்லிய தாள் நம் ஊர் மழைக்கால ஈரப்பதத்தில் சுருண்டுவிடும். மாணவர் தர வண்ணங்களில் சில, குறிப்பாகச் சில சிவப்புகளும் ஊதாக்களும், வெளிச்சத்தில் விரைவில் வெளிறும். வண்ணக் குழாயின் மேல் ஒளிதாங்கும் தன்மை அச்சிடப்பட்டிருக்கும். முதல் இரண்டு தரத்துக்குள் உள்ளவற்றை வாங்குவது, ஓவியத்தை விலைகொடுத்து வாங்குபவருக்கு நாம் செய்யும் நேர்மை. கரிக்கோல், பேஸ்டல் படைப்புகளுக்கு தூள் உதிராமல் பிடித்து நிறுத்தும் ஃபிக்ஸேட்டிவ் தெளித்துக் கொண்டுவாருங்கள்.

சட்டகம் கட்டாயமா?

தாளில் வரைந்தவற்றுக்குக் கட்டாயம். கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் ஷீட் போட்டால் கொண்டுவரும் வழியில் உடையாது. ஓவியம் ஷீட்டைத் தொடாதபடி நடுவே மவுண்ட் போர்டு (தடித்த அட்டைச் சட்டம்) இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். கேன்வாஸ் படைப்புகளைச் சட்டகம் இல்லாமலும் தரலாம். பின்புறம் இரு பக்கமும் கொக்கி வைத்துக் கம்பி கட்டியிருக்க வேண்டும்.

படைப்புக் குறிப்பில் என்ன எழுதுவது?

ஐம்பது சொற்களுக்குள், தமிழில் எழுதுங்கள். எந்த இடம், எந்தக் காலம், நீங்கள் அங்கே எதைப் பார்த்தீர்கள் என்பது போதும். ஆற்றின் பெருமையையும் இயற்கையின் அருமையையும் பொதுவாக எழுதினால் அது எல்லோருடைய குறிப்பையும்போல் ஆகிவிடும். "பசுமாத்தூர் அருகே, தை மாதம், நீர் வற்றத் தொடங்கியபோது மாடுகள் கடந்த தடம்" என்பது போன்ற ஒரு வரியைப் படிப்பவர் உடனே ஓவியத்தில் அந்தத் தடத்தைத் தேடுவார்.

நுழைவுக் கட்டணம் உண்டா?

இல்லை. பார்வையாளர்களுக்கும் இல்லை.

ஓவியம் விற்றால் பணம் யாருக்கு? காப்புரிமை யாருக்கு?

விலையை நீங்களே குறிப்பிடலாம். விற்பனைக்கு இல்லை என்றும் குறிப்பிடலாம். விற்ற தொகை முழுவதும் படைப்பாளிக்கே. வாங்குபவருக்குக் கிடைப்பது அந்த ஓவியம் மட்டுமே. எழுத்துமூலம் மாற்றிக் கொடுத்தாலன்றிக் காப்புரிமை உங்களிடமே இருக்கும். 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி அது உங்கள் வாழ்நாளிலும், அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கும் நீடிக்கும். கண்காட்சியின் அறிவிப்பு, கையேடு ஆகியவற்றில் மட்டும் உங்கள் பெயருடன் படத்தை வெளியிட விண்ணப்பத்தில் அனுமதி கேட்போம். நாட்காட்டிக்கோ பைக்கோ அச்சிட யாரேனும் கேட்டால் உங்களிடமே அனுப்பிவைப்போம்.

ஓவியங்கள் எந்த வரிசையில் வைக்கப்படும்?

பரிசு பெற்றவை முன்னால், மற்றவை பின்னால் என்று வைப்பதில்லை. புல்லூரிலிருந்து காவேரிப்பாக்கம் வரை, ஆறு வரும் வரிசையிலேயே வைக்கப்படும். துணையாறுகளின் ஓவியங்கள் அவை வந்து கலக்கும் இடத்தில் பக்கச்சுவரில் இருக்கும். பார்க்க வரும் உள்ளூர்க்காரர்கள் தங்கள் ஊர் எங்கே என்று தேடி வந்து நிற்பார்கள். அவர்கள் நின்று பேசுவதற்கு இடம் விட்டே ஓவியங்களை மாட்டுகிறோம். பெரியவர்கள் உட்கார்ந்து பார்க்க இருக்கைகளும், சக்கர நாற்காலி வர சரிவுப்பாதையும் இருக்கும்.

கண்காட்சி முடிந்ததும் படைப்பை எப்படித் திரும்பப் பெறுவது?

ஒப்படைக்கும்போது தரும் ரசீதை நிறைவு நாளுக்கு அடுத்த நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் காட்டிப் பெற்றுக்கொள்ளலாம். வேறொருவரை அனுப்பினால் ரசீதின் பின்புறம் உங்கள் கையெழுத்துடன் ஒரு வரி எழுதிக் கொடுத்தனுப்புங்கள். தூரத்தில் இருப்பவர்களுக்குப் பார்சலில் அனுப்பிவைப்போம். அதற்குரிய செலவை மட்டும் அவர்கள் ஏற்க வேண்டும். சுடுமண் படைப்புகளைப் பார்சலில் அனுப்ப மாட்டோம். நேரில் வந்து எடுத்துச் செல்ல வேண்டும்.